ஒரு கோர் மட்டும் 100%: ஸ்டாண்ட்பை ரிக்கவரி இழுத்த கதை

மொத்த மளிகைக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் நடத்துகிறோம், ஆபீஸ் மதுரை அண்ணா நகரில். மெயின் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 13, மும்பை டேட்டா சென்டரில் இருக்கிறது. ரிப்போர்ட்டுக்கான ஸ்டாண்ட்பை (மெயினில் நடக்கும் மாற்றங்களை வாங்கித் தானும் செய்துகொள்ளும் நகல்) மட்டும் ஆபீஸிலேயே. அன்று மாதாந்திரப் பராமரிப்பு, பகல் முழுக்க கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் தாங்காதென்று ஸ்டாண்ட்பையை முறையாக நிறுத்திவிட்டு, சாயங்காலம் கிளப்பினோம். இருட்டிய பிறகு கீழமாசி வீதியிலிருந்து அண்ணாச்சி போன்: "தம்பி, காலையில போட்ட பில்லையே ரிப்போர்ட்ல காணோமே?"

மானிட்டரில் சிபியூ 12% தான் காட்டியது. எட்டு கோர் மெஷினில் அந்த 12% நம்பக்கூடாத எண். ஒரு கோர் முழுசாக எரிந்தாலும் அவ்வளவுதான் வரும். ப்ராசஸ் வாரியாகக் காட்டும் டாப் போட்டுப் பார்த்தால் அதேதான்: ஸ்டார்ட்அப் ப்ராசஸ் 100%. ரிக்கவரியில் வால் லாக்கை (WAL, மெயினில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு) அப்ளை செய்வது அந்த ஒற்றை ப்ராசஸ்தான், மற்ற ஏழு கோரும் வேடிக்கை பார்க்கும். மும்பையிலிருந்து வால் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது, அப்ளை மட்டும் ஊர்ந்தது. ஆக நெட்வொர்க் இல்லை. டிஸ்க்கும் சும்மா கிடந்தது.

அப்புறம் எந்த ஃபங்ஷன் சிபியூவைத் தின்கிறது என்று பார்க்க அந்த ப்ராசஸ் மீது பெர்ஃப் டாப் ஓடவிட்டேன். பெயரில் 'டிராப்', 'பஃபர்ஸ்' என்று வரும் ஒரே ஃபங்ஷன் மேலே நின்றது. சந்தேகம் வந்து, வால் லாக்கைப் படிக்கத் தரும் பிஜி_வால்டம்ப் எடுத்தால், பக்கம் பக்கமாகக் கமிட் ரெக்கார்டுகள் (ஒரு பரிவர்த்தனை முடிந்ததற்கான பதிவு). ஒவ்வொன்றிலும் தூக்கிப்போட வேண்டிய ஃபைல்களின் பட்டியல். ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு குட்டி டேபிளை டிரங்கேட் செய்யும் கோட் எங்களுடையது! டிரங்கேட் என்றால் டேபிளைக் காலி செய்ய, அதற்குப் புது ஃபைல் கொடுத்துப் பழையதைத் தூக்கிப்போடுவது. டேபிளில் பத்து வரிதான் இருக்கும். ஆனால் 13-இல் அந்தப் பழைய ஃபைலின் பக்கம் எதுவும் நினைவகத்தில் மிச்சம் இருக்கிறதா என்று ஷேர்ட் பஃபர் (டேட்டாபேஸ் தன் பக்கங்களை வைத்துக்கொள்ளும் நினைவகம்) முழுவதையும் துழாவியாக வேண்டும். எங்களுடையது 8 ஜிபி, அதாவது 8 கேபி வீதம் 10,48,576 பஃபர்கள். மும்பையில் இந்தச் சுமை பல செஷன்களுக்குப் பிரிந்து போகிறது, அதனால் யாரும் கவனிக்கவில்லை. இங்கே பகல் முழுக்கச் சேர்ந்தது அத்தனையும் ஒருவன் தலையில்.

உடனடி வைத்தியமாக ஸ்டாண்ட்பையில் மட்டும் ஷேர்ட் பஃபரை 256 எம்பிக்குக் குறைத்தேன். மேக்ஸ் கனெக்ஷன்ஸ் (ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்ற செட்டிங்) மாதிரி இதை மெயினுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ வைக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. ரீஸ்டார்ட் தேவை, கடைசி ரீஸ்டார்ட்பாயின்ட்டிலிருந்து (அதுவரை அப்ளை ஆனது டிஸ்க்கில் பத்திரமான இடம்) மறுபடி ஓடும், கொஞ்சம் வேலை வீண்தான். பரவாயில்லை, துழாவ வேண்டியது 32,768 ஆகிவிட்டது. லேக் (மெயினைவிடப் பின்தங்கிய அளவு) கண்ணெதிரே கரைந்தது. அண்ணாச்சி கடை அடைப்பதற்குள் ரிப்போர்ட் சரியாகிவிட்டது.

2021-இல் வந்த 14-ஆம் வெர்ஷனில் ரிக்கவரியின்போது சின்ன டேபிள்களுக்கு இந்த முழுத் துழாவல் இல்லை, அதனால் அப்கிரேடு பட்டியலில் ஏறிவிட்டது. அதுவரை டிரங்கேட்டை எடுத்துவிட்டு சாதா டெலீட் போட்டிருக்கிறோம். செத்த வரிகள் சேரும் என்பதால் அந்த டேபிளுக்கு மட்டும் ஆட்டோவேக்குவம் சீக்கிரம் ஓடும்படி செட்டிங்.