நாலு வட்டங்கள்

ஒரு வார இதழில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் பற்றிப் போன வருஷம் ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது. நேரம் இல்லை. ஏஐயிடம் சாதக பாதகங்களைக் கேட்டேன். அது கொடுத்ததை என் நடைக்கு மாற்றிப் பிழை பார்க்க அனுப்பிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் எங்கள் புரூஃப் ரீடர் அக்கா தாளோடு வந்துவிட்டார். "தம்பி, நிதிச்சுமைன்னு நாலு இடத்துல வருது. நீங்க இந்தத் திட்டத்த இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லையே?" நாலையும் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். பக்க அடையாளத்துக்கு அவர் செருகியிருந்தது, அன்று காலை அம்பத்தூரிலிருந்து வந்த பஸ்ஸின் கட்டணமில்லா டிக்கெட்.

"இல்லக்கா, அரசாங்கம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்று வாதாடினேன். மனதாரத்தான் சொன்னேன்.

வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. 2021 மே மாதம் திட்டம் தொடங்கியபோது அதை ஆதரித்து எழுதியவன் நான். பெண்களுக்கு மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னதைக் குறித்து வைத்தவனும் நான்தான். அதற்கப்புறம் எதிராக எதையும் படிக்கவில்லை, யாரிடமும் பேசவுமில்லை.

ஏஐ பொய் சொல்லவில்லை. செலவை முதலில் வைத்தது, வேலைக்குப் போகிற பெண்களைக் கடைசிப் பத்தியில் வைத்தது, அவ்வளவுதான். அந்த வரிசையை என் கையாலேயே தட்டச்சு செய்தேன். அடுத்தவர் எழுத்தைப் படிக்கும்போது இருக்கிற உஷார், நாமே எழுதும்போது இருப்பதில்லை.

கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சமூக ஊடகம் சமூகத்துக்கு நல்லதா என்று எழுதச் சொன்னார்கள். கலந்துகொண்டவர்கள் 1,506 பேர். சிலருக்கு, ஒரு பக்கம் சாய்ந்த ஏஐ வரிகளை எடுத்துக் கொடுத்தது. அவர்கள் அந்தப் பக்கமாக எழுதியதில் ஆச்சரியம் இல்லை. பிறகு தனியாகக் கருத்துக் கேட்டபோதும் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏஐ சாய்ந்திருந்ததைப் பலர் கவனிக்கவே இல்லை.

ஆசிரியரிடம் ஒரு நாள் கேட்டு வாங்கிக் கட்டுரையைத் திரும்ப எழுதினேன். செலவுக் கணக்கும் அதில் இருந்தது, இருக்கத்தான் வேண்டும். இப்போதெல்லாம் நான் நினைப்பதை முதலில் நோட்டில் நாலு வரி எழுதிவிட்டுத்தான் ஏஐயைத் திறக்கிறேன். அப்படியும், போன வாரம் மகளிர் உரிமைத் தொகை பற்றி எழுதும்போது விரல் 'நிதிச்' வரை தட்டிவிட்டுத்தான் நின்றது.