அல்புமின் ஏன் குறைந்தது? உயிர்வேதியியல் வாய்மொழித் தேர்வுக்கு நான் படித்த விதம்

எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாதிரித் தேர்வு. வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். நாற்பது வயது ஆண், பல வருடக் குடிப்பழக்கம், கால் வீக்கம், கல்லீரல் தயாரித்து இரத்தத்தில் விடும் அல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 2.4 கிராம். இயல்பாக 3.5க்கு மேல் இருக்க வேண்டும்.

"ஏன் குறைந்தது?"

"கல்லீரல் பழுதாகிவிட்டது, புரதம் உற்பத்தியாகவில்லை."

"உற்பத்தியில் எந்தப் படி?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. மதுவிலுள்ள எத்தனாலின் சிதைவும் தெரியும், புரதத்தைக் கட்டும் ரைபோசோமின் வேலையும் தெரியும். ஆனால் இரண்டும் இரண்டு நோட்டுகளில் கிடந்தன. பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது.

அன்றிரவு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒரு கல்லீரல் செல்லைப் பெரிதாக வரைந்து, எத்தனாலை உள்ளே விட்டேன். சைட்டோபிளாசத்தில் அது அசிட்டால்டிஹைடாகிறது. அதில் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் அசிடேட்டாகிவிடும். மீதி சும்மா இருப்பதில்லை; டியூபுலின் புரதத்தின் லைசின்களில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் நுண்குழல்கள் சரியாக உருவாவதில்லை. அந்தக் குழல்கள்தான் அல்புமின் செல்லைவிட்டு வெளியேறும் பாதை. நெல்லை அரைத்து மூட்டையும் கட்டியாகிவிட்டது, லாரி போகத்தான் வழியில்லை. தேங்கிய புரதத்தால் செல்லே வீங்குகிறது. "உற்பத்தியாகவில்லை" என்ற என் பதில் பாதிதான் சரி என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுபாதியும் உண்மைதான். முயலின் கல்லீரலைத் தனியே எடுத்து, அதற்குள் எத்தனால் கலந்த திரவத்தைச் செலுத்திய 1971ஆம் ஆண்டு ஆய்வில் அல்புமின் தயாரிப்பே குறைந்தது. நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது சத்தில்லாத உணவையும் அழற்சியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அல்புமினின் அரை ஆயுள் ஏறத்தாழ 20 நாள் என்பதால், 2.4 என்பது ஒரே இரவுக் குடியின் கணக்கல்ல.

தசைக்குத் தனிப் படம் வரையுங்கள். கல்லீரல் கதையை அங்கே ஒட்டவைக்காதீர்கள். பலர் தவறுவது இங்கேதான். தசையில் எம்டார் என்ற சமிக்ஞைப் புரதம் மட்டுப்படுகிறது. வழக்கமாக அது 4இ-பிபி1 என்ற தடுப்புப் புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஏற்றி, அதன் பிடியிலிருக்கும் இஐஎப்4இ என்ற தொடக்கக் காரணியை விடுவிக்கும். மது இருந்தால் அந்தப் பாஸ்பேட் குறைகிறது. காரணி பிடிபட்டே கிடக்கிறது. புரதத்துக்கான செய்முறையைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவில் ரைபோசோம் ஏறும் தொடக்கப் படியே தடைப்படுகிறது. 2014இல் ஆஸ்திரேலியாவில் எட்டு ஆண்களிடம் செய்த ஆய்வை நினைவில் வையுங்கள்: உடற்பயிற்சிக்குப் பின் புரதத்தோடு நிறைய மதுவும் அருந்தியபோது, புரதம் மட்டும் எடுத்ததைவிடத் தசைப் புரத உருவாக்கம் 24 சதவீதம் குறைந்தது. புரதத்துக்குப் பதில் மாவுச்சத்தோடு அருந்தியபோது 37 சதவீதம்.

இரண்டு படங்களையும் புத்தகம் பார்க்காமல் தினமும் வரைந்தேன். பேனா நின்ற இடத்துக்குரிய பக்கத்தை மட்டும் திறந்து படித்தேன்.

பல்கலைக்கழகத் தேர்வில் அல்புமினைக் கேட்கவில்லை. குடிப்பவருக்குத் தசை ஏன் மெலிகிறது என்று கேட்டார்கள். 4இ-பிபி1 வரை சொன்னதும், தேர்வாளர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி வரைந்து காட்டச் சொன்னார்.