அக்கா கேட்டது ஸ்கோரை இல்ல

"இது எம்சிடி2-ல மட்டும் தான் ஒட்டுமா, வேற எங்கயாச்சும் போய் ஒட்டிக்குமா?"

நான் கம்ப்யூட்டர்ல தேடிக் குடுத்த ஒரு மாலிக்யூலைப் பத்தி, எங்க லேப்ல எக்ஸ்பெரிமென்ட் பண்ற அக்கா கேட்டது இவ்வளவு தான். எம்சிடி2ங்கிறது நரம்பு செல்லான நியூரானுக்குள்ள லேக்டேட்டை விடுற கதவு மாதிரி ஒரு புரதம், எம்சிடி குடும்பத்துல ஒண்ணு. நான் சொன்னது, "ஸ்கோர் படி பாத்தா லிஸ்ட்லயே இதான்க்கா டாப்பு." ஸ்கோர்ங்கிறது எம்சிடி2-ல எவ்வளவு நல்லா ஒட்டும்னு கம்ப்யூட்டர் கணிச்ச நம்பர். கேள்வி ஒண்ணு, பதில் வேற. அவங்க சரின்னு தலையாட்டிட்டு ஆர்டர் போடப் போயிட்டாங்க, எட்டு மாசம் ஆகியும் அந்த தலையாட்டல் தான் எனக்கு ஞாபகம் வருது.

அந்த மாலிக்யூல்ல ஆல்ஃபா-சயனோ-சின்னமேட் துண்டு அப்படியே உக்காந்திருக்கு. அந்த குடும்பம் 1970கள்லேர்ந்தே பேர் போனது, செல்லோட அடுப்பான மைட்டோகாண்ட்ரியாக்குள்ள பைருவேட் போற வழிய அடைக்கும், அந்த வழியான புரதத்துக்குப் பேர் எம்பிசி. எம்பிசிய அடைக்க லேப்ல வழக்கமா போடுற யூகே5099 கூட அதே வகையறா தான். அதுல பழைய சரக்கான சயனோ-ஹைட்ராக்ஸி சின்னமேட் எம்சிடியையும் அடைக்கும் தான், ஆனா அதுக்கு இன்னும் நிறைய ஊத்தணும், எம்பிசிக்கு சில மைக்ரோமோலாரே போதும்.

எங்களுக்கு இந்த வித்தியாசம் தான் உயிர். உடம்பு எடையில மூளை 2%, தின்னுறது கிட்டத்தட்ட 20% எனர்ஜி. நியூரானுக்குத் துணையா இருக்கிற ஆஸ்ட்ரோசைட் செல் குளுக்கோஸை லேக்டேட்டா மாத்திக் குடுக்க நியூரான் அதை எம்சிடி2 வழியா வாங்கி, பைருவேட்டா மாத்தி எரிக்குதுன்னு 1994ல சொன்னாங்க, சண்டை இன்னும் ஓயல. அதை டெஸ்ட் பண்ண எம்சிடி2-வ மட்டும் அடைக்கிற ஒண்ணு வேணும். கூடவே எம்பிசியும் அடைஞ்சா ஆக்சிஜன் செலவு எப்படியும் குறையும், நாம வாசக்கதவை சாத்தினோமா அடுப்பை அணைச்சோமான்னு மீட்டருக்கு என்ன தெரியும்.

குறையத்தான் செஞ்சுது. மூணு மாசம் நியூரான் கல்ச்சர், லேக்டேட் மட்டும் குடுத்து பாத்தாங்க, கிராஃப் சரசரன்னு இறங்குச்சு, குரூப் மீட்டிங்ல எல்லாரும் கைதட்டினாங்க, நானும் தட்டினேன். (இதை எழுதவே கூசுது.) அப்புறம் அக்காவே சந்தேகப்பட்டு செல்லோட வெளி மெம்பிரேனை ஓட்டை போட்டு பைருவேட்டை நேரா உள்ள விட்டாங்க. இப்போ எம்சிடிக்கு வேலையே கிடையாது. அப்பவும் இறங்குச்சு.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்குன்னு தான் நினைக்கிறேன். என் மாடல் படிச்சது எம்சிடி டேட்டா மட்டும், எம்பிசி எந்த ஜீன்னு கண்டுபிடிச்சதே 2012ல தான், தனியா மாடல் கட்டுற அளவு டேட்டா என்கிட்ட இல்ல. நான் சொன்ன அந்த டாக்கிங் ஸ்கோர்ங்கிறது ஒரு புரதத்தைப் பத்தி மட்டும் பேசுற நம்பர், மத்த புரதத்தைப் பத்தி அதுகிட்ட கேக்கவே முடியாது. கண்ட்ரோல் எக்ஸ்பெரிமென்டை முதல்லயே பண்ணிருக்கலாமேன்னு அவங்களையும் கேக்கலாம்.

ஆனா இதுக்கு மாடலே வேணாமே. மாலிக்யூலை அலசுற ஆர்டிகிட் சாஃப்ட்வேர்ல ஒரு வரி சப்ஸ்டிரக்சர் சர்ச், அதாவது அந்த சின்னமேட் துண்டு உள்ள இருக்கான்னு தேடுறது, போதும். அதை நான் முந்தின நாள் ராத்திரியே ஓட்டிட்டேன். மேட்ச்னு வந்துச்சு, பாத்தேன், லேப்டாப்பை மூடிட்டேன். என் லிஸ்ட்ல இருந்து முதல் தடவையா ஒண்ணு வெட் லேபுக்கு, அதாவது நிஜ எக்ஸ்பெரிமென்டுக்குப் போகப் போகுதுங்கிற ஆசையா, இல்ல ஒரு துண்டு ஒத்துப்போறதால முழு மாலிக்யூலும் அப்படியே நடந்துக்கணும்னு இல்லையேன்னு நிஜமாவே நம்பினேனா, இப்போ யோசிச்சா பிரிக்க முடியல. ரெண்டாவது தான்னு சொல்லிக்க வசதியா இருக்கு.

எம்பிசிய அடைச்சா நியூரான் குளூட்டமேட்டை எரிச்சு சமாளிக்கும், அதை வச்சு தனியா ஒரு சாப்டர் எழுதலாம், வீணா போகலன்னு கைடு சொல்றார். அக்கா முகத்தைப் பாத்தா எனக்கு அப்படித் தோணல. உனக்கு முன்னாடியே தெரியுமாடான்னு அவங்க இதுவரைக்கும் கேட்டதில்ல.

போன வாரம் புது லிஸ்ட் அனுப்பினேன். 12 காம்பவுண்ட், இந்த தடவை ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல வேற எந்த புரதத்துல இடிக்கலாம், எது கரைசல்ல திரண்டு நிஜமா அடைக்கிற மாதிரி ஏமாத்தலாம், எது மூளைக்குள்ளயே நுழையாதுன்னு எல்லாத்தையும் எழுதிட்டேன், 11க்கு ஏதாவது ஒரு எச்சரிக்கை. மிச்சம் இருக்கிற ஒண்ணு லிஸ்ட்லயே கடைசி.

ராத்திரி ஒரு வரி ரிப்ளை வந்துச்சு. "சரிடா, அப்போ எதைத் தான் வாங்குறது?"

இன்னும் பதில் போடல.