கரண்ட் போன ராத்திரி

புளியரையில் சாரல் பிடித்தால் முதலில் போவது கரண்ட்தான். நேற்றும் ஏழரைக்குப் போனது. அக்கா மகன் செல்போன் டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு ஆச்சியைப் பயமுறுத்தப் பார்த்தான். ஆச்சி அசரவில்லை. "போல அங்கிட்டு!" திடுக்கிட்டது நான்தான். தினமும் பார்க்கிற முகம்! மேலிருந்து விழும் வெளிச்சத்துக்கே பழகிய கண்ணுக்கு, மூக்கின் நிழல் நெற்றிக்கு ஏறினால் ஆளே வேறாகிவிடுகிறான். பேய்ப்படங்களின் பாதி வித்தை இதுதான்.

அப்புறம் டார்ச்சைச் சுண்ணாம்புச் சுவர் பக்கம் திருப்பச் சொன்னேன். சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் ஆச்சியின் சுருக்கங்கள்கூட மெத்தென்று ஆகிவிட்டன. 1956-இல் 'அபராஜிதோ' என்ற வங்காளப் படத்தில் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செய்ததும் இதுதான். ஸ்டுடியோவில் போட்ட காசி வீட்டு முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்கு வெளிச்சத்தை அதில் அடித்துத் திருப்பினார். நம்மூர் ஷூட்டிங்கில் அந்த வேலையைத் தெர்மாகோல் பார்க்கிறது.

'காட்ஃபாதர்' (1972) நேரெதிர். அதன் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் விளக்கை உச்சிக்கு மேலே வைத்து, நடிகர் பிராண்டோவின் கண்களை நிழலில் விட்டுவிட்டார். கண் தெரியாத ஆள் என்ன நினைக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்தது. ட்யூப்லைட் எல்லாரையும் ஒரே மாதிரி வெளுத்துக் காட்டியது. பையன் எழுந்து போய் அதை அணைத்துவிட்டான்.