நோயெதிர்ப்பியல் துறையில் ஓர் ஆண்டு: 2025 நாட்குறிப்பு

ஜனவரி 20, 2025

பொங்கல் விடுமுறை முடிந்து இன்றுதான் லேப் பழைய நிலைக்கு வந்தது. வந்ததுமே நல்ல செய்தி: எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கொடுத்துவிட்டது. காசநோயாளிகளோடு ஒரே வீட்டில் வசிப்பவர்களின் ரத்தத்தை எடுத்து, அவர்களுடைய டி செல்களை, அதாவது தொற்றை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்களைப் பார்க்கப்போகிறோம். ஒரே அறையில் படுத்து, ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஆனால் சிலருக்குத் தொற்றே ஒட்டுவதில்லை. சிலருக்குத் தொற்றி, ஆயுள் முழுக்க வெளியே தெரியாமல் கிடக்கிறது. கொஞ்சம் பேருக்குத்தான் அது நோயாகிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தேடுவதற்குத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான இடம் இருக்குமா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 12

செல்களில் ஏற்றிய சாயங்களை லேசரால் படித்து அவற்றின் வகையைக் காட்டும் ஃப்ளோ சைட்டோமீட்டரின் சிவப்பு லேசரை மாற்றிவிட்டார்கள். இத்தனை மாதமும் நீல லேசரை மட்டும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். இனி ஒரே செல்லில் கூடுதலான நிறங்களைப் படிக்கலாம்.

மார்ச் 24

உலகக் காசநோய் தினம். 1882-ல் இதே தேதியில்தான் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாகப் பெர்லினில் அறிவித்தார். எம்.எஸ்சி. மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னார் என் ஆய்வு வழிகாட்டியான மேடம். கோக்கைப் பற்றிப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நான் செங்கல்பட்டைப் பற்றிப் பேசினேன்.

1968 முதல் 1971 வரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியோ, ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் ஊசியோ போட்டார்கள். உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனைகளில் அதுவும் ஒன்று. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் இதே தடுப்பூசி முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்பு தந்திருந்ததால், இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஏழரை ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகு 1979-ல் முதல் அறிக்கை வந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டு முடிவிலும் பெரியவர்களுக்குப் பலன் இல்லை, குழந்தைகளுக்குக் கொஞ்சம் மட்டும். பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடுவது, காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து அது காப்பாற்றுவதால்தான்.

வகுப்பில் ஒரு மாணவி, "அப்போ அந்தச் சோதனை தோத்துப்போச்சா மேடம்?" என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றேன். எதிர்பார்த்ததற்கு நேர்மாறான விடையை மறைக்காமல் வெளியிட்டார்கள், அந்தக் கிராமத்து ஜனங்கள் அத்தனை ஆண்டுகள் கூடவே நின்றார்கள். நம் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள வேறு மைக்கோபாக்டீரியாக்கள் முன்கூட்டியே எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடுவதால் தடுப்பூசிக்கு வேலையில்லாமல் போகிறது என்பது ஒரு முக்கிய விளக்கம். அதில் இன்னும் விவாதம் இருக்கிறது. எங்கள் திட்டமே அந்தக் கேள்வியின் ஒரு கிளைதான். மணி அடித்த பிறகும் நாலைந்து பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மே 9

ராத்திரி நெடுநேரம் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் கைகொடுத்ததால் மைனஸ் 80 ஃப்ரீசர் தப்பித்தது. செல்களை வைத்திருக்கும் திரவ நைட்ரஜன் தொட்டிக்கு மின்சாரம் வேண்டியதில்லை, நைட்ரஜன் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். இனி வாரம் இருமுறை அளவு பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

ஜூலை 17

இந்த ஆண்டின் பெரிய முன்னேற்றம் எது என்று கேட்டால் இன்றைய நாளைத்தான் சொல்வேன். ஒரே ரத்தத்தை இரண்டாகப் பிரித்து நானும் ஜூனியரும் தனித்தனியாகச் சாயமேற்றினோம். இருவர் எண்களும் ஒத்துப்போயின. கேட்பதற்கு இதில் என்ன பெருமை என்றிருக்கும். நாங்கள் தேடுவது ஒழுங்குபடுத்தும் டி செல்களை, அதாவது மற்ற எதிர்ப்புச் செல்களை அடக்கி வைப்பவற்றை. ரத்தத்திலுள்ள சிடி4 என்ற டி செல் பிரிவில் நூற்றுக்குச் சில மட்டுமே அந்த வகை. அவற்றின் அடையாளமான ஃபாக்ஸ்பி3 புரதம் செல்லின் கருவுக்குள் இருக்கிறது. செல்லைப் பதப்படுத்தி, உறையில் துளையிட்டால்தான் அந்தப் புரதத்தில் ஒட்டும் சாயமேற்றிய ஆன்டிபாடி உள்ளே போகும். செத்த செல்கள் எல்லாச் சாயத்தையும் பிடித்துக்கொண்டு பொய்யாக மின்னும் என்பதால் அவற்றை முதலிலேயே ஒதுக்க வேண்டும். ஒரு நிறம் பக்கத்து நிறத்தில் கசிவதையும் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு இரண்டு பேர் கையில் ஒரே விடை வந்தால்தான், நோயாளியின் வீட்டாருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசம் என்று எதையாவது சொல்ல எங்களுக்கு உரிமை. மேடம் இரண்டு வரைபடங்களையும் அச்சடித்துப் பலகையில் ஒட்டச் சொன்னார்.

ஆகஸ்ட் 22

காசநோய் சுகாதாரப் பார்வையாளரோடு ஒரு வீட்டுக்குப் போனோம். மகனுக்கு நோய், மருந்து ஆரம்பித்து மூன்று வாரம். அம்மா கையை நீட்டிக்கொண்டே, "எவ்ளோ எடுப்பீங்கம்மா?" என்று கேட்டார். பத்து மில்லி, இரண்டு டீஸ்பூன்தான் என்றேன். "எடுத்து எனக்கு என்ன தெரியும்?" என்றார் அடுத்து.

சரியான கேள்வி. தொற்றைக் கண்டறியத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மேன்டூ டெஸ்டில் கை வீங்கினால், அது தொற்றினாலா சின்ன வயதில் போட்ட பி.சி.ஜி.யாலா என்று பிரிக்க முடியாமல் போகலாம். ரத்தத்தில் செய்யும் இன்டர்ஃபெரான் காமா பரிசோதனையில் அந்தக் குழப்பம் இல்லை. அதில் பயன்படும் ஈசாட்-6, சி.எஃப்.பி-10 என்ற இரண்டு புரதங்களும் பி.சி.ஜி. கிருமியில் கிடையாது. தொற்று இருக்கிறது என்று தெரிந்தால், வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம் சாப்பிடும் தடுப்பு மருந்து இருக்கிறது. இதையெல்லாம் எளிமையாகச் சொன்னோம். "அப்போ என் மருமகளுக்கும் எடுங்க" என்றார்.

பச்சை மூடி டியூப்களோடு லேப் திரும்பி, அன்றைக்கே செல்களைப் பிரித்து முடிக்க இரவாகிவிட்டது. ரத்தத்தை மறுநாளுக்கு வைத்தால் செல்கள் சோர்ந்துவிடும்.

அக்டோபர் 6

மதியம் மூன்று மணிக்கு எல்லோரும் செமினார் ஹாலில் கூடி மருத்துவ நோபல் அறிவிப்பைப் பார்த்தோம். மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி. ஒழுங்குபடுத்தும் டி செல்கள்! ஹாலில் எழுந்த கூச்சல் பக்கத்துத் துறைக்கே கேட்டிருக்கும்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய பிடிவாதம். உடலின் சொந்தச் செல்களைத் தாக்கும் டி செல்கள் தைமஸ் சுரப்பியிலேயே அழிக்கப்படுகின்றன, அதோடு கதை முடிந்தது என்று பலரும் நம்பிய காலத்தில், அடக்கி வைக்கும் செல்கள் வேறு இருக்கின்றன என்று சகாகுச்சி தேடிக்கொண்டே இருந்தார். 1995-ல் அவற்றை அடையாளம் காட்டினார். பிரன்கோவும் ராம்ஸ்டெலும் பிறவியிலேயே நோயுற்ற ஒருவகை எலிகளின் எக்ஸ் குரோமோசோமில் கோளாறான மரபணுவைத் தேடினார்கள். இருபது மரபணுக்கள்வரை சுருக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்ததில் கடைசியாகப் பார்த்ததில்தான் கோளாறு இருந்தது. 2001-ல் அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். ஜூலையில் நாங்கள் சாயமேற்றியது அதே புரதத்துக்குத்தான்.

ஜூனியர் அம்மாவுக்கு போன் போட்டு, "நான் லேப்ல பாக்குற செல்லுக்கு நோபல் கெடச்சிருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 13

உலக சுகாதார நிறுவனத்தின் காசநோய் அறிக்கை வந்திருக்கிறது. இந்தியாவில் 2015-ல் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 237 என்றிருந்த புதிய நோயாளிகள் 2024-ல் 187. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. வீடு வீடாகப் போகிறவர்களின் உழைப்பு இது. ஆனாலும் 187 என்பது மிக அதிகம். பெரியவர்களுக்கு வேலை செய்யும் தடுப்பூசி இன்னும் நம் கையில் இல்லை.

டிசம்பர் 19

டாக்டரல் கமிட்டி கூட்டம். இதுவரை சேர்ந்த மாதிரிகளை வைத்தே ஒரு கட்டுரை எழுதிவிடலாமே என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். மேடம் ஒப்புக்கொள்ளவில்லை, எனக்கும் அதே கருத்துதான். ரத்தம் எடுத்தபோது தொற்றில்லை என்று வந்தவர்களுக்கு மறுபடி பரிசோதித்துப் பார்க்காமல், அவர்கள் தொற்றை எதிர்த்து நின்றவர்கள் என்று எப்படி எழுதுவது? பரிசோதனை முந்திக்கொண்டிருக்கலாம், தொற்று அதற்குப் பிறகு தெரிந்திருக்கலாம். இன்னும் ஒரு சுற்று போக வேண்டும் என்று வாதாடினேன். கமிட்டி ஏற்றுக்கொண்டது.

மருமகளுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்ன அம்மா வீடு பட்டியலில் முதலில் இருக்கிறது. பிப்ரவரியில் வருகிறோம் என்று போன் செய்து சொல்லிவிட்டேன்.