ஜாகா கொட்டகையில் ஒரு வௌவால் மனிதன்

1990-களின் நடுவில், மலேசியாவில், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் இரவு ஜாகாவாக, அதாவது காவலாளியாக, வேலை பார்த்தேன். மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை எனக்குத் துணையாக இருந்தவை ஒரு டார்ச் லைட், ஒரு பழைய சைக்கிள், ஒரு பதிவேடு, தோட்ட அலுவலகத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் மகன் படித்துவிட்டுக் கொடுத்த ஆங்கிலப் படக்கதைக் கட்டு ஆகியவைதாம். தூக்கத்தை விரட்டப் படிக்கத் தொடங்கியவன், காத்தம் நகரத்து பேட்மேனை நாளடைவில் சக தொழிலாளியாகவே கருதலானேன்; அவனும் இரவு வேலைக்காரன், அவனுக்கும் ஓவர்டைம் கிடையாது.

ஆனால் அவனுடைய வசதிகள் வேறு. சிறு வயதில் பெற்றோரைக் கொள்ளையனுக்குப் பலிகொடுத்து, பின்னர் பேட்மேனாக முகமூடி அணிந்த புரூஸ் வேய்ன் பெரும் செல்வந்தன்; ஆகவே வண்டியும் கருவிகளும் அவனுக்குக் குறைவில்லை. தொடக்க காலக் கதைகள் சிலவற்றில் கைத்துப்பாக்கிகூட வைத்திருந்தான். பிறகுதான் துப்பாக்கியைத் தொடாதவனாக ஆனான். என்னிடம் இருந்தது ஒரு பிரம்பு. அதையும் நாய்களுக்காகவே வைத்திருந்தேன்.

எங்கள் தோட்டத்தில் பெரிய திருட்டு என்றால் உதிரிப் பழத் திருட்டுதான். குலை பழுத்ததும் பழங்கள் தாமாகவே உதிரும். அவற்றில் எண்ணெய்ச் சத்து அதிகம். சாக்கில் அள்ளிக் கட்டிவிட்டால் எந்தத் தோட்டத்துப் பழம் என்று எவராலும் சொல்ல முடியாது. பழத்துக்கு முகம் கிடையாது என்பதுதான் அந்தத் தொழிலின் முழு இரகசியம். அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் அமிலம் கூடி மதிப்புக் குறையும் என்பதால் குலை திருடுகிறவனுக்கு அவசரம் உண்டு. உதிரி பொறுக்குகிறவன் நிதானமாகவே வருவான்.

அப்படி ஒருவன், பின்னிரவு 3 மணி இருக்கும், முகத்தைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு சாக்கோடு வடிகால் ஓரமாக வந்தான். நான் டார்ச் அடித்தேன். கண்கள் மட்டுமே தெரிந்தன. ஆனால் இடது காலைச் சற்று இழுத்து வைக்கும் அந்த நடையை, தினமும் காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் பார்த்துப் பழகியிருந்தேன். பல இலட்சம் பேர் நெருக்கியடித்து வாழும் காத்தத்தில் வேண்டுமானால் பாதி முகத்தை மூடி ஊரை ஏமாற்றலாம். இருமலைக் கேட்டே இன்னார் என்று சொல்லிவிடும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் முகமூடியால் என்ன பயன்? டார்ச்சை அணைத்தேன். பதிவேட்டில் ‘ஒரு சாக்கு மீட்கப்பட்டது, ஆள் தெரியவில்லை’ என்று எழுதினேன். அது சரியா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை.

பிறிதொரு சமயம், மூன்று இரவுகள் கண்விழித்து ஒரு லாரியின் எண்ணைக் குறித்துக் கொடுத்தேன். அறிக்கை வேறொருவர் பெயரில் மேலே போனது, பாராட்டும் அவருக்கே. 1939-இல் பேட்மேன் அறிமுகமானபோது படைத்தவர் என்று ஓவியர் பாப் கேன் பெயர் மட்டுமே இருந்தது என்பதையும், முகமூடிக்கும் அங்கிக்கும் யோசனை சொல்லி முதல் கதையை எழுதிய பில் ஃபிங்கர் 1974-இல் இறந்த பிறகும் நெடுங்காலம் பெயரின்றியே கிடந்தார் என்பதையும் அப்போது நான் அறியேன். 2015-இல்தான் முறையாக அவர் பெயரையும் சேர்த்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று லாரி எண் நினைவுக்கு வந்தது. ஆனால் ஃபிங்கருக்கு 76 ஆண்டுகள் பிடித்தது. என் விஷயத்தில் மறுநாள் மாலைக்குள் மாரியம்மன் கோயில் திடலில் எல்லோருக்கும் உண்மை தெரிந்திருந்தது.

சாக்குத் தூக்கி வந்த பையன் இப்போது சொந்தமாக லாரி வைத்திருக்கிறான். சென்ற ஆண்டு கடைத்தெருவில் பார்த்தபோது சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டான்: “அண்ணே, அன்னிக்கு டார்ச்ச நீங்களா அணைச்சீங்களா, இல்ல பேட்டரி முடிஞ்சிருச்சா?”

பேட்டரிதான் என்று சொல்லிவிட்டு, இருவருடைய தே தாரேக் தேநீருக்கும் நானே காசு கொடுத்தேன்.