தம்ளரின் வாயும் கண்மட்டமும்: வரையப் பழகும் நாட்குறிப்பு

ஜூன் 2, திங்கள்

இன்று வெறும் கோடுகள்தான். தாளில் இரண்டு புள்ளி வைத்து, பென்சிலைத் தாளில் படாமல் அந்தரத்தில் நாலைந்து முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரே இழுப்பில் சேர்க்க வேண்டும். சின்னக் கோட்டுக்கு மணிக்கட்டு போதும். தாளின் அகலத்துக்கு இழுக்கும்போது மணிக்கட்டை மட்டும் நம்பினால், அது சுழலும் மூட்டு என்பதால் கோடும் வளைந்துவிடுகிறது. அங்கே தோளே அசைய வேண்டும். கோடு புள்ளியைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை, தயங்கத்தான் கூடாது. கை தயங்கிய இடம் அப்படியே தெரிகிறது.

ஜூன் 5, வியாழன்

எச்பி, 2பி, 6பி என்று மூன்று வகைப் பென்சில்களையும் பக்கத்தில் பக்கத்தில் தேய்த்துப் பார்த்தேன். பென்சிலுக்குள் இருப்பது ஈயம் இல்லை, கிராஃபைட்டும் களிமண்ணும். இரண்டையும் கலந்து சுடும் முறைக்கு பிரான்சில் கோன்டே என்பவர் 1795-இல் காப்புரிமை வாங்கினார். களிமண் கூடக் கூட முனை கெட்டியாகும், கோடு வெளிறும். ஆகவே முதல் உருவத்துக்குக் களிமண் கூடுதலான எச்பி, நிழலுக்குக் கருமையாக விழும் மற்ற இரண்டும்.

ஜூன் 9, திங்கள்

மாலை முழுக்க ஒரு தம்ளர். இதுவரை பழகியதிலேயே எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

தம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் அதன் வாய் ஒரு நேர்க்கோடு. மெல்லக் கீழே இறக்க இறக்க அந்தக் கோடு திறந்து நீள்வட்டமாகிறது. இன்னும் இறக்கினால் வட்டத்தை நெருங்குகிறது. மேசையில் வைத்த தம்ளரின் வாயைவிட அடிப்பாகம் கண்மட்டத்திலிருந்து தள்ளி இருக்கிறது. அதனால் அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மேசை தட்டையாக இருக்கிறதே என்று அடியில் நேர்க்கோடு போட்டால் தம்ளர் உட்காராது. கண்ணுக்குத் தெரியாத பின்பக்க வளைவையும் லேசாகப் போட்டு நீள்வட்டத்தை முழுசாக முடித்தேன். இரண்டு ஓரங்களும் கூர்மையாகாமல் சின்னதாகத் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் சரியாக விழுந்ததும் தாளுக்குள் ஓர் உள்ளிடம் வந்துவிட்டது, தண்ணீர் ஊற்றலாம் போல.

ஜூன் 10, செவ்வாய்

பெட்டிக்கும் அதே கண்மட்டம்தான். தரைக்கு இணையான விளிம்புகள் பின்னால் போகப் போக நெருங்கி, கண்மட்டக் கோட்டில் ஒரு மறைபுள்ளியில் சேர்கின்றன. இத்தாலியின் ஃபிளாரன்ஸில் கட்டடக் கலைஞர் புருனலெஸ்கி செய்துகாட்டிய இந்த முறையை, ஆல்பெர்ட்டி என்பவர் ஓவியம் பற்றிய தம் நூலில் 1435-இல் எழுதிவைத்தார். இனி எதை வரைந்தாலும் முதலில் கண்மட்டத்தைக் குறித்துக்கொள்வேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஒரு வெள்ளைப் பந்து, ஒரே ஒரு விளக்கு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சம், நிழல் என்று இரண்டே பகுதி மிஞ்சுகிறது. அந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நிழலின் கீழோரத்தில், மேசையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கொஞ்சம் தெரிகிறது. அது எவ்வளவு பளிச்சென்று தோன்றினாலும் நிழலைச் சேர்ந்ததுதான். வெளிச்சப் பக்கத்தைவிட மங்கலாகவே வைக்க வேண்டும். ரப்பரால் அதை வெளுக்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் வெளுத்தால் பந்தின் உருட்சி போய்விடும்.

ஜூன் 19, வியாழன்

பந்தையும் தம்ளரையும் சேர்த்து வைத்தேன். பந்தின் நிழல் மேசையில் படுத்து ஓடி, தம்ளரைத் தொட்டதும் அதன் உடம்போடு வளைந்து மேலே ஏறுகிறது. விளிம்பு பந்துக்கு அருகில் கூர்மை, தள்ளிப் போகப் போக மசமசப்பு. இந்த மாற்றத்துக்கு 6பி முனை மழுங்கியிருப்பதே நல்லது. நாளை விளக்கை இடப்பக்கம் மாற்றி இதே இரண்டையும் வரையப் போகிறேன்.